சொடக்குப் பூச்சியின் பிள்ளை

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு முதலில் சர்க்கரை, முட்டிவலி என்று போய், பிறகு எப்படியோ சின்ன வயதில் பிடித்த பூச்சிகளில் வந்து நின்றுவிடுகிறது. பொன்வண்டைச் சொல்லாதவர்கள் கிடையாது. தீப்பெட்டியில் அடைத்து, இலை கிள்ளிப் போட்டு, முட்டை போட்டிருக்கிறதா என்று வகுப்பு நடக்கும்போதே திறந்து பார்த்த கதை உங்களிடமும் ஒன்று இருக்கும். நான் சொல்லப்போவது அந்தப் பளபளப்பு எதுவும் இல்லாத ஒரு பூச்சியைப் பற்றி. அதைவிட, அதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஒருத்தியைப் பற்றி.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா வெல்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஊர். இடதுபக்கச் சுவரைத் தாண்டி வந்த சண்டை கோயம்புத்தூர் பேச்சில் நடக்கும். வலதுபக்கத்துச் சாம்பாரில் தஞ்சாவூர் வாசனை வரும். எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும்தான் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், அண்ணனூர்க்காரர்கள். கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுப் பெண் தலையில் வெள்ளை முக்காட்டோடு பூசைக்குப் போவாள், மற்ற ஆறு நாளும் முழங்காலில் மண்ணோடு திரிவாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, பதினொன்று. ஒரே வகுப்பு. நான் முதல் ரேங்க். அவள் கடைசி பெஞ்சு.

"அந்தப் பிள்ளகூட ரொம்ப ஒட்டாத. அந்தப் பேச்சு உனக்கும் ஒட்டிக்கிடும்," என்று அப்பா சொல்வார். பேச்சை வைத்து ஆளை எடை போடுகிற பழக்கம் அன்றைக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் ஒரு மழை பெய்து விட்டது. வாசல் பல்பைப் போட்டதும் ஈசல், பச்சைப் பூச்சி என்று என்னவெல்லாமோ வந்து மொய்த்தன. அவற்றுக்கு நடுவில் நீளமாக ஒன்று சுவரில் மோதி 'டொப்' என்று தரையில் மல்லாந்து விழுந்தது. நான் துடைப்பத்தை எடுத்து ஓங்கினேன்.

"ஏய், இன்னாத்துக்கு அடிக்கிற? அது உன்னிய இன்னா பண்ணிச்சு?" எதிர்வீட்டுப் பெண் தெருவைத் தாண்டி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "கம்முனு குந்து. சொம்மா பாரு."

குந்தினேன். மல்லாந்து கிடந்த பூச்சி காலை எல்லாம் மடக்கிக்கொண்டு செத்தது போலக் கிடந்தது. ஒரு விரல்கடை நீளம். காபிக்கொட்டையை வறுத்துப் பாதியில் எடுத்தது போன்ற நிறம், மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெல்லிய தூசு. பார்த்துக்கொண்டே இருந்தோம். திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம், விரலைச் சொடுக்கியது போல. பூச்சி ஒரு சாண் உயரம் எகிறி, காற்றில் புரண்டு, காலூன்றி விழுந்து நடந்து போனது. நான் போட்ட கூச்சலில் அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"சொடக்குப் பூச்சி," என்றாள் எதிர்வீட்டுப் பெண், தன் சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது போல.

அந்த மாதம் முழுக்க எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் விளையாட்டு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதன் வயிற்றைப் பிடித்தால், தலையை மேலும் கீழும் ஆட்டி 'டக் டக்' என்று அடிக்கும். விரலுக்குள் அந்த அதிர்வு தெரியும். இத்தனூண்டு உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கே இருக்கிறது என்று கை கூசும். நாங்கள் கேள்வி கேட்போம். "நாளைக்கு லீவு விடுவாங்களா?" டக். "கணக்கு சார் டிரான்ஸ்பர்ல போவாரா?" டக், டக். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற அப்படி ஒரு நல்ல பூச்சியை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண் மட்டும் கேள்வி கேட்கமாட்டாள். அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நெஞ்சின் அடியில் சின்னதாக ஒரு முளை. அதற்கு நேர் கீழே, அது போய் உட்காருவதற்கென்றே ஒரு குழி.

"காலால எகிறல பாரு. காலத்தான் மடக்கி வெச்சுக்கினு கீதே. முதுக வளைக்குது. இந்த முளை குழியோட வெளிம்புல மாட்டிக்குது. நம்ம ஊட்டுத் தாப்பா சில நேரம் இறுகிக்கும் இல்ல, அந்த மாதிரி. இறுக்கி இறுக்கி வெச்சு ஒரேடியா வுடுது. அதான் சத்தம்."

அறிவியலில் நூற்றுக்கு முப்பது தாண்டாத பெண் அவள். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, எந்தப் பூச்சி எந்தக் கோடு வரை எகிறுகிறது என்று பார்த்தாள். சிமெண்டுத் தரையில் நன்றாக எகிறுகிறது, மணலில் போட்டால் கொஞ்சம்தான் என்று கண்டு சொன்னாள். இதையெல்லாம் அவள் எந்த நோட்டிலும் எழுதவில்லை. கேட்டால் சொல்லுவாள், அவ்வளவுதான்.

ஆடி மாதம் பிறந்தபோது வம்பு வந்தது.

எங்கள் கொல்லையில் அப்பா வைத்த தென்னை அந்த வருஷம்தான் முதல் பாளை விடுகிற பருவத்துக்கு வந்திருந்தது. குவார்ட்டர்ஸ் வீடு நமக்குச் சொந்தமில்லை, என்றைக்காவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். ஆனாலும் அந்த மரத்தை மட்டும் அவர் சொந்தமாகத்தான் நினைத்தார். ஒரு காலையில் புதிதாக விரிந்த மட்டையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கத்தரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டிவிட்டது போல ஓலை இருந்தது. கொம்பு வண்டின் வேலை. குருத்துக்குள் துளைபோட்டுத் தின்றால் விரியும்போது அப்படித்தான் வரும். பாளையிலும் ஒரு ஓட்டை. வரிசையில் இன்னும் ஐந்தாறு மரங்களிலும் அதே கதை.

"எருக்குழியிலதான் குட்டி போடும் இது," என்றார் அப்பா.

வரிசைக்குப் பின்னால் பொதுவான எருக்குழி ஒன்று உண்டு. பால்காரர் கொண்டுவந்து கொட்டும் சாணமும், எல்லோர் வீட்டுச் சருகும் அதில்தான் மக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளைகள் நான்கைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கிளறக் கிளறச் சூடான ஆவி வந்தது. நனைந்த சாணமும் புளித்த இலையும் கலந்த அந்த மணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும், சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். உள்ளே கட்டைவிரல் தடிமனில், வெள்ளை வெளேரென்று சுருண்ட புழுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. கொம்பு வண்டின் பிள்ளைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ஒல்லியாக, நீளமாக, செம்பழுப்பாக, செம்புக் கம்பி மாதிரி வழவழவென்று. தலைமாட்டில் ஆறு குட்டிக் கால்கள். வால் நுனியில் ஒரு பிளவு.

அப்பா அதை மண்வெட்டி முனையில் தூக்கிக் காட்டினார். "கம்பிப்புழு. எங்க ஊர்ல கிழங்க, கடலை வேரை எல்லாம் துளைச்சுத் தின்னுப்போடும். இதுதான் அந்த டக்குப் பூச்சியோட புழு. அதுவும் இதும் ஒண்ணாத்தானே கிடக்கு? எல்லாம் ஒரே கூட்டம்."

பாதி சரி, பாதி தப்பு. ஆனால் அவர் சொல்கிற தொனியில் தப்பு தெரியாது. அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது: கொம்பு வண்டு, சொடக்குப் பூச்சி, வெள்ளைப்புழு, கம்பிப்புழு, எதுவாக இருந்தாலும் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இருக்கும் கெரசின் டப்பாவில் போடவேண்டும். நேற்றுவரை பூச்சியிடம் ஆரூடம் கேட்ட பிள்ளைகள் இன்று வேட்டைக்கு இறங்கினார்கள். டப்பாவுக்குள் விழுந்தவை கடைசியாக ஒரு தடவை 'டக்' என்று அடிக்கும், தகரத்தில் பட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

எதிர்வீட்டுப் பெண் இரண்டாம் நாள் வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"மாமா, இத்த ஏன் சாவடிக்கிறீங்கோ? மரத்த வெட்றது கொம்பு வண்டு. இது ஒண்ணியும் பண்ணலியே."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா பாத்தா தெரியும் இல்ல?"

பக்கத்தில் நின்ற மாமாக்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு உற்சாகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். "ஏட்டி, உனக்கு ஒழுங்காப் பேசவே வராது. பாஸ் மார்க்கும் வராது. பூச்சி சாஸ்திரம் மட்டும் வந்துட்டோ? போய்ப் புஸ்தகத்தை எடுத்து வச்சுப் படி, போ."

நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுப் பின்பக்கம் போனேன். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் அகலவாய்க் கண்ணாடி பாட்டில்கள் இரண்டில் எருவை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா கேட்டாரு இல்ல, பாத்தியான்னு. கரீட்டுதான். பாக்காம பேசக் கூடாது," என்றாள். "ஊட்ல பச்சக் கடல கீதா? ஒரு கை எட்தாயேன்."

ஒரு பாட்டிலில் கம்பிப்புழு ஒன்றையும் வெள்ளைப்புழு ஒன்றையும் விட்டாள். இன்னொன்றில் நான் கொண்டுவந்த கடலையை முளைக்க வைத்து, அதில் ஒரு கம்பிப்புழுவை விட்டாள். "இது இன்னா துன்னுதுன்னும் பாக்கணும், இன்னா துன்னலன்னும் பாக்கணும்." எனக்கு இரண்டாவது பாட்டில் எதற்கு என்றே புரியவில்லை. கடலையை வீணாக்குகிறாளே என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் முன்பு என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கண்ணாடி ஓரத்தில், எருவுக்குள், கம்பிப்புழு தன்னைவிட நான்கு மடங்கு தடிமனான வெள்ளைப்புழுவின் விலாவில் தலையைச் செருகியிருந்தது. வெள்ளைப்புழு சுருண்டு சுருண்டு பார்த்தது. அது விடவில்லை. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவள் முகத்தில் திருவிழாக் களை.

"பார்ரீ, எம்மாம் பெரிசு அது, இது எப்டி புட்சிகினு கீது பாரு! மெய்யாலுமே கில்லாடி."

இரண்டு நாளில் வெள்ளைப்புழு வெறும் தோலாகிவிட்டது. அவள் இன்னொன்றைப் போட்டாள். அதுவும் தோலானது. எங்கள் தென்னையைக் காப்பாற்றக் கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைத்தான் நாங்கள் தேடித் தேடிக் கெரசினில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"நீ சொல்லு உங்கப்பாகிட்ட. நான் சொன்னா நம்பமாட்டாரு," என்றாள்.

சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். கையைக் கழுவிவிட்டு, "இதை யாரு பாட்டில்ல போட்டுப் பாத்தது?" என்றார்.

"நான்தான்," என்றேன்.

ஒரே சொல்தான். எதிர்வீட்டுப் பெண் என்று சொன்னால் நம்பமாட்டாரோ என்கிற பயத்தில் சொன்னதாக அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர் சட்டையைக்கூட மாட்டாமல் வெளியே போய், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "எம் மக கண்டுபிடிச்சிருக்கா கேட்டியளா!" என்று தொடங்கினார். கெரசின் டப்பா அன்றே காலியானது. எதிர்வீட்டுப் பெண் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் என்னைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "டப்பாவ எட்துட்டாரு இல்ல?"

"எடுத்துட்டாரு."

"அப்பால சரி," என்று நடந்தாள். இந்த வயதிலும் என்னால் அப்படி ஒரு 'சரி' சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

விஷயம் அத்துடன் முடியவில்லை. மரங்கள் கெடுவதாக யாரோ முன்பே குவார்ட்டர்ஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்த புகாருக்கு ஒரு வாரம் கழித்துப் பலன் வந்தது. பக்கத்து முத்தாபுதுப்பேட்டைக்காரரான ஒரு மேஸ்திரி, பூச்சிமருந்துப் பவுடர் மூட்டையோடு எருக்குழிக்கு வந்து நின்றார். குழி முழுக்கக் கொட்டிக் கிளறிவிடுவதாக ஏற்பாடு. அந்த வெள்ளைப் பவுடரின் நெடி மூட்டை பிரிக்காமலே தொண்டையைப் பிடித்தது. அப்பா அவரைத் தடுத்தார்.

"கொட்டினா நல்லதும் சேர்ந்து சாவும். எம் மக எல்லாம் பாத்து வச்சிருக்கா. ஏட்டி, இங்க வா. இவுகளுக்குச் சொல்லு."

வரிசையே கூடியிருந்தது. நான் வெள்ளைப்புழு தோலான கதையைச் சொன்னேன். மேஸ்திரி தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு நியாயமாக ஒன்று கேட்டார்.

"அல்லாம் சரி பாப்பா. இந்தக் கம்பிப்புழு வேரத் துன்னாதுன்னு இன்னா கேரண்டி? வெள்ளைப்புழு தீந்துபோச்சுன்னா அப்பால இன்னா துன்னும்? எருவ எட்தும்போய் தோட்டத்துல போட்டா செடி பூடுமே?"

இரண்டாவது பாட்டிலை நான் முதல்நாளுக்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா என் பதிலுக்காகப் புன்னகையோடு காத்திருந்தார். மேஸ்திரி மூட்டையின் வாய்க்கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். வெள்ளையாக ஒரு பிடி பவுடர் விளிம்பில் சிந்தியது.

"எனக்குத் தெரியாது," என்றேன். "நான் கண்டுபிடிக்கல. அவதான். அவளுக்குத்தான் தெரியும். நான் பொய் சொன்னேன்."

அப்பாவின் புன்னகை அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. பிறகு மேஸ்திரியிடம், "ஒரு நிமிஷம் பொறுங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். அந்த வீட்டு வாசலில் அவர் போய் நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, கொஞ்சம் வாம்மா. உன் பாட்டிலையும் எடுத்துக்கோ."

பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடு வந்தாள். இரண்டு பாட்டிலையும் கீழே வைத்தாள். இரண்டாவதில் கடலைச் செடி ஒரு சாண் வளர்ந்து பச்சையாக நின்றது. அதைப் பிடுங்கி, வேரை உதறி, மேஸ்திரியின் கையிலேயே கொடுத்தாள்.

"பாருங்கோ. எங்கியாச்சும் கடிச்சுகீதா? ரெண்டு வாரமா உள்ளயே கீது, வேர்கிட்ட போவவே இல்ல. பட்டினியாவே குந்திகினு இருந்திச்சு. நேத்து ஒரு வெள்ளைப்புழு போட்டேன், அத்தப் பாய்ஞ்சு புட்சுது. வேற வேற கம்பிப்புழு செடிய துன்னுமோ இன்னமோ, மாமா ஊர்ல துன்னுதுன்னு அவுரு சொல்றாரே. இங்க கீற இது துன்னல. நான் பாத்தத சொல்றேன்."

மேஸ்திரி வேரை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே," என்றார் அப்பாவிடம், "நம்ம ஊருப் பொண்ணு வக்கீலு மாதிரி பேசுது." கயிற்றை மறுபடி கட்டினார். வாராவாரம் குழியைக் கிளறி வெள்ளைப்புழுவைப் பொறுக்கிவிடுவது வரிசைக்காரர்கள் பொறுப்பு, ஒரு மாதம் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன் என்று போய்விட்டார். அவர் திரும்ப வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று சுவரோரம் நின்றேன். அப்பா அடிக்கவில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "பொய் சொன்னதக் கூட விட்டுருவேன். நான் அந்தப் பிள்ளைய அத்தன பேருக்கு முன்னால ஏசுதேன், நீ பக்கத்துல நிக்க. அவளுக்குப் பூச்சியப் பத்தித் தெரியும்னு உனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் பாவத்தப் பண்ணியிருக்க மாட்டேன்லா?"

அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து ஆம்பிளைகளுக்கு அந்தச் சொல் வாயில் வராது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசை முடிந்து வரும்வரை யாரையும் குழியில் இறங்கவிடவில்லை. அவள் முக்காட்டைக் கழற்றிவிட்டு வந்தபின், "எந்தப் பக்கம் மொதல்ல கிளறலாம்?" என்று கேட்டார். அவள் கை காட்டிய இடத்தில் மண்வெட்டியைப் போட்டார். கம்பிப்புழு தென்பட்டால் எல்லா மாமாக்களும் கையை உயர்த்தி நிறுத்துவார்கள். அவள் அதை எடுத்துப் பத்திரமான மூலையில் விடுவாள்.

என்னோடு அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. அதனால் மன்னித்தாளா, அல்லது அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியாமல் போனது. பத்தாம் வகுப்போடு அவர்கள் பூந்தமல்லிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு தடவை பஸ்ஸில் பார்த்ததாக அம்மா சொன்னாள், இடுப்பில் குழந்தையோடு. அதற்குமேல் செய்தி இல்லை. நான் பட்டம் வாங்கி, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். கூர்மையான ஆட்கள் பலரோடு வேலை செய்திருக்கிறேன். பார்த்ததை மட்டும் சொல்கிற, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்கிற ஆள் அவளைப்போல ஒருவரைத்தான் சந்தித்திருக்கிறேன். அது அவளேதான்.

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

முதல் பாட்டில் புழுவை அவள் விடவில்லை. பத்து மாதம் தீனி போட்டு வளர்த்தாள். அடுத்த கோடையில் அது கண்ணாடியை ஒட்டி மண்ணுக்குள் ஒரு சின்ன அறை செய்துகொண்டு, தின்பதை நிறுத்தி, தோலை உரித்து, மெழுகில் செய்தது போல வெள்ளையாக ஒரு கூட்டுப்புழுவாகக் கிடந்தது. கால்களும் உணர்கொம்புகளும் நெஞ்சில் மடித்து வைத்தாற்போல் தெரியும். நாள் போகப்போகக் கண் இரண்டும் மட்டும் கறுத்தன.

மே மாதத்தில் ஒரு காலை. அப்பா முதல் ஷிப்டுக்குச் சைக்கிளை வாசலில் இறக்கிவிட்டார். எதிர்வீட்டிலிருந்து பல் விளக்கிய பேஸ்டு வாயோடு அவள் ஓடி வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

"மாமா! தோலு உரிக்குது! சீக்கிரம் வாங்கோ!"

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். காக்கி உடுப்போடு அவர் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பாட்டிலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். மெல்லிய தோல் முதுகில் பிளந்து, உள்ளேயிருந்து ஒரு பூச்சி, தேன் நிறத்தில், மெதுமெதுவென்று, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தது.

பாக்டரியில் சங்கு ஊதியது. இரண்டாவது சங்குக்குள் கேட்டைத் தாண்டவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். அப்பா காய்ச்சலோடு போயிருக்கிறார், புயல் மழையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், ஒரு நாளும் தாமதமானதில்லை.

"சங்கு ஊதுது மாமா," என்றாள் அவள்.

"ஊதட்டும்," என்றார் அப்பா, கண்ணை எடுக்காமல். "இன்னும் ரெண்டு கால் பாக்கி இருக்கு."